அம்மா வைத்த சாம்பல் சிலுவை

முழந்தாளிட்டால் எழுவதற்கு முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என் வயதுக்காரர்களே, போன வாரப் பங்குக் கூட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை என்று உங்களில் சிலர் குறைப்பட்டுக்கொண்டீர்கள். திறந்தால் மூட மாட்டேன் என்றுதான் திறக்கவில்லை. மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லாமல் இல்லை.

நம் இளம் பங்குத்தந்தை நல்ல பிள்ளை. வீடுகளில் விசுவாசம் வற்றிப்போகிறதே, பெற்றோருக்குக் கோயில் எப்படிக் கைகொடுக்கலாம் என்று நிஜமாகவே கவலைப்படுகிறார். அந்தக் கவலையில்தான் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். தினமும் மாலை குடும்ப ஜெபம் சொல்லி, அதைப் படம் பிடித்துக் குழுவில் போட வேண்டும். எங்கள் வீட்டிலும் போடுகிறோம். மகன் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான், மருமகள் முக்காடு போடுகிறாள், பேத்தி கைகூப்புகிறாள். படம் எடுத்தானதும் முக்காடு இறங்கிவிடுகிறது, மெழுகுவர்த்தி அணைந்துவிடுகிறது, பேத்தி டிவி பக்கம் ஓடிவிடுகிறாள். நீங்கள் அதற்குக் கைகூப்பும் பொம்மை அனுப்புகிறீர்கள். உங்கள் வீட்டுப் படத்துக்கு நானும் அனுப்புகிறேன். நமக்குள் எதற்கு ஒளிவுமறைவு?

அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு முதல் நற்கருணையான புதுநன்மை கொடுக்க வேண்டிய வருடத்துத் தவக்காலம் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்ன முடிவு செய்தாலும் சரி.

அப்போது நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு பாய் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அவருக்குத் தோல் வியாபாரம். தவக்காலம் வந்தாலே ஊரில் வெயில் ஏறிவிடும். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் பக்கமிருந்து வெக்கை அடிக்கும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் ஷாப்பு வாடை வரும். வீட்டுக்கார பாயம்மா உடனே சாம்பிராணி போடுவார். அந்தப் புகையில் பாதி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இன்றும் சாம்பிராணி வாசனை வந்தால் எனக்குக் கோயிலுக்கு முன்னால் பாயம்மாதான் நினைவுக்கு வருகிறார்.

அப்பா வத்தலக்குண்டு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விடிவதற்கு முன் முதல் வண்டிக்குப் போனால், நாங்கள் தூங்கிய பிறகுதான் வருவார். அவரைவிட அவருடைய தோல் பையையும் ஆணியில் தொங்கும் விசிலையும்தான் நானும் தம்பியும் அதிகம் பார்த்தோம். அவர் பரம்பரைக் கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையென்றால் பூசைக்கு வந்து கடைசித் தூணோரம் நிற்பார். பிரசங்கம் ஆரம்பித்ததும் வெளியே போய், முடிந்ததும் சரியாக உள்ளே வருவார். அந்த நேரக் கணக்கில் மட்டும் அவர் தவறியதே இல்லை.

அம்மா அகரம் பக்கத்துக்காரர். பூ விவசாயம் செய்த இந்துக் குடும்பம். பூக்கூடையோடு திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வரும் பஸ்ஸில் அப்போது அப்பாதான் கண்டக்டர். கூடைக்கு லக்கேஜ் போடாமல் விட்டதில் தொடங்கி, கோயிலில் மாலை மாற்றியதில் முடிந்தது. கல்யாணத்துக்கு முன் அவசரமாகச் சில ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்து அம்மாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதோடு சரி. அதன்பிறகு அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று யாரும் விசாரிக்கவில்லை. பூசையில் எல்லோரும் எழுந்தால் அம்மா ஒரு நொடி தாமதித்து எழுவார். எல்லோரும் உட்கார்ந்த பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு உட்காருவார். பக்கத்தில் நிற்கும் எனக்கு அது சிரிப்பாக இருக்கும். இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் பூசைக்கு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிப் போனார். அதற்கு முந்தைய வருடங்களில் தம்பி கைக்குழந்தை என்பதால் போனதில்லை போலும். சாமியார் ஒவ்வொருவர் நெற்றியிலும் பெருவிரலால் சாம்பலைத் தொட்டுச் சிலுவை போட்டு, மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே போகிறவன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவின் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு பூரிப்பு.

"எங்க அய்யா தெனம் காலைல இப்புடித்தான் துண்ணூறு எடுத்து எங்க நெத்தியத் தொட்டு விடுவாரு. உங்க கோயில்ல இதெல்லாம் கெடையாது போலன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். இருக்கு பாத்தியா!" என்றார்.

உங்களுக்குத் தெரியாததல்ல, அந்தச் சாம்பல், போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மந்திரித்துத் தந்த குருத்தோலைகளை எரித்து எடுப்பது. வீட்டிலிருக்கும் பழைய ஓலைகளைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று முந்தின ஞாயிறே சொல்லியிருந்தார்கள். எங்கள் வீட்டு ஓலை திரு இருதயப் படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்துவிட்டது. மறுநாள் தூசி தட்டும்போது அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போனார். இப்போது கொண்டுபோனால் திட்டுவார்களோ என்று பயம். மந்திரித்த ஓலையைக் குப்பையில் போடவும் மனசு வரவில்லை. கடைசியில் தோசைக்கல்லில் வைத்துத் தானே எரித்தார். வந்தது ஒரு பிடிகூட இல்லை. அதைக் காலிப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினார். மந்திரித்த ஓலையின் சாம்பலை வேறு என்ன செய்வது? தவக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பூசுவதற்குத்தான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

அதன்பிறகு தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வாசலில் நிறுத்தி, அந்த டப்பாவைத் திறந்து, பெருவிரலால் எங்கள் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை. சாமியார் சொன்னதையும் விடவில்லை. தன் பாஷையில் சொல்வார்.

"மண்ணுல இருந்து வந்தே, மண்ணுக்குத்தான் போகணும். லாரி வரும், ஓரமாப் போத்தா."

தம்பி அப்போதுதான் பாலவாடி போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் அதேதான். "மண்ணுக்குத்தான் போகணும் அப்பு, மூக்க ஒழுங்காத் தொட." சிரிக்காதீர்கள். அந்த விரலின் சூடு நெற்றியில் பட்டால் வழி முழுக்க யாரோ கூடவே வருகிற மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்த முதல் ஜெபம் அதுதான்.

புதுநன்மைக்கான ஞானோபதேச வகுப்பை ஒரு சிஸ்டர் எடுத்தார். "நேத்து வீட்டுல ஜெபமாலை சொன்னவங்க கை தூக்குங்க" என்றுதான் ஆரம்பிப்பார். எல்லாக் கையும் எழும். என் கை காது வரைக்கும் போய் அங்கே நின்றுவிடும். ஒருநாள் அவர் கண் என் கையை விட்டு நெற்றிக்குப் போனது. சாம்பல் புதன் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து வியர்வையில் சிலுவை கலைந்து திருநீறு பூசியது போலத் தெரிந்திருக்கும்.

"இது யாரு பூசி விட்டது?"

"அம்மா, சிஸ்டர்."

"இன்னைக்கு மட்டுமா?"

"தெனமும், சிஸ்டர்."

அவர் கைக்குட்டையை நனைத்து என் நெற்றியை அழுத்தித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. எங்கே ஓர் ஆத்துமா கை நழுவிப் போகிறதோ என்று பயந்துவிட்டார். எங்கள் அம்மா எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்பது ஊருக்கே தெரியும். மறுநாளே சாமியார் அம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

நானும் கூடப் போனேன். சாமியார் பெரிய உருவம், குரல் மட்டும் மெதுவாக இருக்கும். "பழைய பழக்கத்த வீட்டுக்குள்ள விடக் கூடாதும்மா. பிள்ளைங்க குழம்பிப் போயிரும்" என்றார். அம்மா தலையாட்டினார். அது குருத்தோலைச் சாம்பல் என்று அம்மா சொல்லவில்லை. அது என்ன சாம்பல் என்று அவரும் கேட்கவில்லை. பிறகு ஓர் அச்சடித்த ஜெப அட்டையை எடுத்து நீட்டினார்.

"விசுவாசப் பிரமாணம் பெத்தவங்களுக்கே தெரியலேன்னா பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? குருத்து ஞாயிறுக்குள்ள மனப்பாடம் பண்ணி எங்கிட்ட வந்து சொல்லுங்க. சொன்னாத்தான் பாப்பாவுக்குப் புதுநன்மை."

கிளம்பும்போது எனக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அன்று அது இனிக்கத்தான் செய்தது.

அம்மா எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் நான் அட்டையைப் பார்த்து வாசிக்க, அவர் குழம்பைக் கிளறிக்கொண்டே திருப்பிச் சொல்வார். பாதி வரைக்கும் வண்டி ஓடும். பொந்தியு பிலாத்து வந்ததும் நின்றுவிடும்.

"யாருத்தா இந்தாளு? சாமி பேரு வர்ற ஜெபத்துல இவன் பேரு எதுக்கு வருது?"

"தெரியலம்மா. அட்டையில இருக்கு."

"சரி, இருந்துட்டுப் போறாரு. திரும்பச் சொல்லு."

புதுநன்மை உடுப்புக்காகச் சின்னாளப்பட்டியில் வாங்கிய வெள்ளைத் துணி டிரங்குப் பெட்டியில் இருந்தது. எப்போது தைக்கக் கொடுப்பீர்கள் என்று நான் தினமும் நச்சரிப்பேன். "மொதல்ல நான் ஒப்பிச்சுட்டு வாரேன். அதுக்குள்ள துணிய வெட்டிப்புட்டா என்ன செய்ய?" என்பார். மற்றப் பிள்ளைகளின் உடுப்புகள் எல்லாம் தைத்து வந்துவிட்டன. அவர்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த அட்டை மேல் ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கு வராவிட்டால் எனக்கு நற்கருணை இல்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று வாசலில் நடந்துகொண்டிருந்தது. அது எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை. பவுடர் டப்பா காணாமல் போயிற்று. அம்மா அதை எங்கே வைத்தார், என்ன செய்தார் என்று இன்றுவரை தெரியாது. சாம்பல் போனதோடு கையும் போயிற்று. காலையில் தலை வாரி விடுவார், சோற்றுப் பாத்திரத்தைக் கொடுப்பார், அவ்வளவுதான். வெறும் கையால் தொட்டாலும் தப்போ என்று பயந்திருக்க வேண்டும். மண்ணுக்குப் போவது பற்றியும் பேச்சில்லை, லாரி பற்றியும் பேச்சில்லை.

முதலில் கவனித்தவர் பாயம்மா. "ஏம்மா, புள்ளைக நெத்தி வெறிச்சுன்னு கெடக்கு? செத்த நேரம் வாசல்ல நிறுத்தி என்னமோ ஓதுவீங்களே, அல்லா பேரால நல்லாருக்கும்னு நானும் ஜன்னல்ல நின்னு பாப்பேனே" என்றார். அம்மா ஏதோ சொல்லி மழுப்பினார்.

தம்பிக்கு மழுப்பத் தெரியவில்லை. அவன் தினமும் வாசலில் வந்து, கண்ணை மூடி, முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். அம்மா மூக்கைத் துடைத்து, "போ அப்பு" என்பார். அவன் நகர மாட்டான். நான்தான் கையைப் பிடித்து இழுத்துப் போவேன். குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் அப்பாவுக்கு ஒருநாள் ஓய்வு. அன்றும் தம்பி அப்படி நின்றான். திண்ணென்று நின்ற பையனை அப்பா டீ குடித்துக்கொண்டே பார்த்தார்.

"ஏலே, எதுக்குடா கோழி மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்கிற?"

தம்பி கண்ணைத் திறக்காமலே, "அம்மா மறந்துருச்சு" என்றான்.

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அம்மா அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். நடந்ததெல்லாம் அன்றுதான் அவருக்குத் தெரியும்.

ஒப்பிக்கும் நாளன்று அப்பா வேலையை மாற்றிக்கொண்டு காக்கிச் சட்டையோடு கூட வந்தார். சாமியார் அறையில் சிஸ்டரும் இருந்தார். அம்மா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு ஆரம்பித்தார். நன்றாகத்தான் போனது. பிலாத்து வந்தார். அம்மா நின்றுவிட்டார். நான் மனசுக்குள் அடுத்த வார்த்தையைக் கத்தினேன். அம்மா உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை.

"பரவாயில்லம்மா. இந்த வருஷம் இல்லேன்னா என்ன, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் சாமியார். கனிவாகத்தான் சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"சாமி, நான் சொல்லட்டுமா?" என்றார் அப்பா.

சாமியார் தலையசைத்தார். அப்பா பஸ் படியில் நின்று ஊர்ப் பேர்களைக் கூவுகிற மாதிரி முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் சொல்லி, ஆமென் என்று நிறுத்தினார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"எனக்கு அம்புட்டும் தெரியும் சாமி. சின்னப் புள்ளையில படிச்சது. ஆனா எம்புள்ளைகளக் கூட்டி வச்சு ஒருநா சொன்னதில்ல. பொழுதும் இல்ல, கூச்சம் வேற. இவளுக்கு ஜெபம் வராது. வராட்டியும் இவ ஒருத்திதான் காலைல அதுகளத் தொட்டு, ஆண்டவர்கிட்ட ஒப்படைச்சு அனுப்புனா. அந்தச் சாம்பலும் நம்ம கோயில் ஓலையில எரிச்சதுதான். இப்ப அதுவும் நின்னுபோச்சு. எங்க வீட்டுல இப்ப ஒண்ணுமே இல்ல சாமி."

கண்டக்டர் வேலையில் அதிர்ந்து பேசிப் பழகிய மனிதருக்குக் கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். சாமியார் அம்மா பக்கம் நாற்காலியைத் திருப்பினார். "தொடும்போது என்னம்மா சொல்வீங்க?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு வெட்கம். அப்பா ஜாடை காட்டிய பிறகு, லாரி வரைக்கும் சொன்னார். சாமியார் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது என்ன சாம்பல்னு அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். தப்பு எம்மேலதான். சாம்பல் வருஷத்துக்கு ஒருநாள் போதும்மா. அத விட்டுருங்க, கைய எடுத்துறாதீங்க. பாப்பாவுக்கு உடுப்பு தைக்கக் குடுங்க."

அடுத்த வாரத்திலிருந்து சிஸ்டர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அட்டை கொண்டுவரவில்லை. அடுப்படியில் மணை போட்டு உட்கார்ந்து, அம்மாவோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே பேசுவார். பேச்சோடு பேச்சாக ஒரு ஜெபம் சொல்வார்கள். இயேசுவை விசாரித்துச் சாவுக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்ட அதிகாரிதான் பிலாத்து என்று அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. "பாவி மனுசன், கையக் கழுவிட்டா ஆச்சா?" என்றார் அம்மா. அதன்பிறகு அந்த இடத்தில் அவர் தடுமாறியதே இல்லை.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு எங்களுக்குப் புதுநன்மை. வெள்ளை உடுப்பு, தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுவர்த்தி. நற்கருணைக்கு முன் சாமியார் அதுவரை அந்தக் கோயிலில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். "பெத்தவங்க எந்திருச்சு உங்க பிள்ளைங்ககிட்ட வாங்க. நான் ஆசீர்வதிக்கிறதுக்கு முன்னாடி நீங்க நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வதிங்க" என்றார். கோயிலில் ஒரே சலசலப்பு. அப்பாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா என் நெற்றியைத் தொட்டுவிட்டு நகர்ந்தார். கடைசித் தூணிலிருந்து வந்த அப்பா என் முன்னால் நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அம்மாதான் அவர் மணிக்கட்டைப் பிடித்து என் நெற்றிக்குக் கொண்டுவந்தார். சிலுவை கோணலாக விழுந்தது. விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் சொன்னவருக்கு அன்று ஒரு சொல்லும் வரவில்லை.

இதனால்தான் சொல்கிறேன், நண்பர்களே. பங்குத்தந்தை மறுபடியும் நம்மைக் கேட்டால், படம் வேண்டாம் சாமி என்று சொல்வோம். மாதத்தில் ஒரு ஞாயிறு பூசையிலேயே பெற்றோர் பிள்ளைகளைத் தொட்டு ஆசீர்வதிக்கக் கொஞ்சம் நேரம் கொடுக்கச் சொல்வோம். பழகிவிட்டால் வீட்டிலும் கை தானாக எழும். வேதத்துக்குப் புதிதாக வந்த மருமகள்கள், வேலை வேலை என்று ஓடும் மகன்கள் வீட்டுக்கு நாம் போய் உட்காருவோம். நமக்குத்தான் பொழுது இருக்கிறதே. போனால் பரீட்சை வைக்காமல், கீரை உருவினால் போதும்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

புதுநன்மைக்கு மறுநாள் விடிவதற்கு முன், அப்பா முதல் வண்டிக்குக் கிளம்பும் சத்தத்தில் எனக்கு விழிப்பு வந்தது. சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே நாங்கள் படுத்திருந்த பாய் ஓரம் வந்தார். குனிந்து தம்பியின் நெற்றியைத் தொட்டார். பிறகு என் பக்கம் வந்தார். சொரசொரப்பான அந்தப் பெருவிரல் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது, பிறகு குறுக்கே போனது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விழித்திருக்கிறேன் என்று தெரிந்தால் கூச்சப்பட்டு விட்டுவிடுவார். கல்யாணமாகி அந்த வீட்டை விட்டுப் போகும் நாள் வரைக்கும், அப்பா கிளம்பும் நேரத்தில் நான் தூங்குவது போலவே கிடந்தேன்.